குன்னூரிலிருந்து மாலத்தீவுக்கு: தனியாக டீச்சர் வேலைக்குப் போகலாமா?

தேயிலை டீச்சர் (குன்னூர்) – ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். மலைப்பக்கத்து ஆட்கள் நிறைய இருக்கும் இடம் என்பதால் இங்கேயே கேட்கிறேன். எனக்கு வயது 28. எம்.எஸ்சி. வேதியியல், பி.எட். முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சம்பளம் 14,000. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். ஆனால் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு, அதற்கு அறிவிப்பு, அப்புறம் காத்திருப்பு. உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்ட் மூலமாக மாலத்தீவில் வேலை வந்திருக்கிறது. ஏதோ ஒரு தீவில் மேல்நிலைப் பள்ளி, மாதம் 1,000 டாலருக்குச் சற்று மேலே, தங்க இடம் உண்டு என்கிறார். அவருடைய கட்டணம் 1,20,000 ரூபாய். அதில் பாதியை இந்த மாதமே கட்ட வேண்டுமாம். "முதலில் டூரிஸ்டாகப் போய் இறங்குங்கள், வேலை விசாவுக்கு அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றும் சொன்னார்.

அப்பா டேன்டீயில் (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் பதுளையிலிருந்து வந்தவர். "ஒரு தலைமுறை கடலைத் தாண்டி வந்து பட்டது போதாதா" என்பது அம்மாவின் வாதம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கவலை.

நான் தனியாகச் சென்னை வரைக்கும் போயிருக்கிறேன். அதைத் தாண்டிப் போனதில்லை. அங்கே பாடம் எடுப்பது எப்படி இருக்கும், ஒரு பெண் தனியாக இருக்க முடியுமா, இந்த ஏஜென்ட் சொல்வது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


லவ்டேல் லோகல் – ஞாயிறு, இரவு 9.40

நம்ம மலையில் பள்ளிகளுக்கு நல்ல டீச்சர் கிடைக்கவில்லை. இருக்கிறவர்களும் கிளம்பினால் இங்கே பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அதுவும் கல்யாண வயதில் ஒரு பெண் தனியாக, கண் காணாத தீவுக்கு. எனக்கும் பெண் இருக்கிறாள், அதனால் சொல்கிறேன். வேண்டாம்.


மஞ்சூர் மூடுபனி – ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, முதலில் ஒன்றே ஒன்று: அந்த ஆளுக்குப் பணம் எதுவும் கட்டிவிடாதே. மீதியை நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். நான் அங்கே இரண்டு தீவுகளில் கணக்கு டீச்சராக இருந்தவள்.

இந்தியர்களுக்கு மாலத்தீவில் 90 நாள் வரை இலவச அனுமதி உண்டு, உண்மைதான். ஆனால் அது சுற்றிப் பார்க்க. அந்த முத்திரையோடு வகுப்பறையில் நின்றால் நீ சட்டவிரோதமாக வேலை செய்கிறவள். சம்பளம் வரவில்லை என்றால் எந்த அலுவலகத்தில் போய்ப் புகார் கொடுப்பாய்? முறையாக அழைக்கிற பள்ளி உன் பெயரில், உன் பாஸ்போர்ட் எண்ணோடு வேலை அனுமதியை வாங்கி, நீ விமானம் ஏறுவதற்கு முன்பே அதை அனுப்பும். அந்தத் தாள் கையில் வரும் வரைக்கும் இருக்கிற வேலையை விடாதே.


குன்னூர் கணக்கர் – திங்கள், காலை 7.05

ஏஜென்ட் கட்டணம் பற்றி மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் 1983-ம் ஆண்டு குடியகல்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். கூட்டினால் 35,400. உங்கள் ஆள் கேட்பது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேலே.

வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, உரிமம் நடப்பில் இருக்கிறதா, முகவரி அவர் அலுவலகத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒரே மாதிரிப் பெயரை வைத்துக்கொண்டு ஓட்டுகிற ஆட்கள் உண்டு.

தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978-லிருந்து சென்னையில் இருக்கிறது. நர்ஸ் வேலைகள்தான் அதிகம் வரும் என்றாலும் ஒரு கண் வைத்திருப்பதில் நஷ்டம் இல்லை.


தேயிலை டீச்சர் (குன்னூர்) – திங்கள், மாலை 5.50

பட்டியலில் தேடினேன். அவர் பெயர் இல்லை. போன் செய்து உரிம எண் கேட்டதற்கு, "நாங்கள் கன்சல்டன்சி மேடம், ஏஜென்ட் இல்லை" என்றார். பள்ளியின் பெயராவது சொல்லுங்கள் என்றால், பணம் கட்டிய பிறகுதான் சொல்வாராம்.

லோகல் ஐயா, நீங்கள் அக்கறையோடு சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் 14,000-ல் வாடகையும் அம்மாவின் மருந்தும் போக மீதி என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். என் பள்ளியில் மே மாதச் சம்பளம் கிடையாது. சேவை செய்ய எனக்கும் ஆசைதான்.


கூடலூர் காப்பி – திங்கள், இரவு 8.15

ஏஜென்ட் கதை வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பையன்கள் பலரை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி வேலையில் அடைத்து வைத்த செய்தி 2022-ல் வந்தது, நினைவிருக்கும். அவர்களும் டூரிஸ்டாகப் போய் இறங்கியவர்கள்தான். டீச்சர் வேலை என்ற பெயரில் அதே ஆட்கள் வரமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

சரி, பயமுறுத்தியது போதும். நான் பூட்டானில் இயற்பியல் எடுத்தேன். மாலத்தீவு மட்டும்தான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். பூட்டானுக்கு நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையைக் காட்டி நுழைவு அனுமதி வாங்கினால் போதும். வேலைக்கு மட்டும் தனி அனுமதி. ஜொங்கா மொழிப் பாடம் தவிர மற்றதெல்லாம் இங்கிலீஷில்தான். அவர்களுடைய நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு, அதனால் டாலர் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. ரயிலில் ஹாசிமாரா வரை போய் அங்கிருந்து ஜெய்காவ். சாலையைக் கடந்தால் ஃபுன்ட்ஷோலிங், அவ்வளவுதான் எல்லை. அதற்கப்புறம்தான் கஷ்டமே. எங்கள் பள்ளி கிழக்கே இருந்தது, மலைப்பாதையில் நாள் கணக்கில் பஸ். நம் கல்லட்டி வளைவுகளில் பழகிய எனக்கே வயிற்றைப் பிரட்டியது.

குளிர் பழக்கம்தான். மிளகாயையே காய்கறியாகப் போட்டுச் சீஸோடு சமைக்கிற எமா தட்ஷி மட்டும் கடைசி வரை பழகவில்லை. குளிர்காலத்தில் நீண்ட விடுமுறை வருவதால் பொங்கலுக்கு வீட்டில் இருக்கலாம். சம்பளம் மாலத்தீவு அளவுக்கு இருக்காது. ஆனால் கையில் வாங்குகிற காசை அப்படியே ஊருக்கு அனுப்ப முடிந்தது.


மஞ்சூர் மூடுபனி – திங்கள், இரவு 10.50

சொன்னபடி விரிவாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் எப்படி என்றால், ஊட்டி 2,240 மீட்டர். மாலத்தீவு முழுக்கவே இயற்கையாக மிக உயரமான இடம் இரண்டரை மீட்டருக்குள். கண்ணை நிமிர்த்திப் பார்க்க ஒரு மேடு கூட இருக்காது. எனக்கு முதல் சில வாரம் அதுதான் தாங்க முடியவில்லை, வெயில் கூட இல்லை. நான் இருந்த தீவைச் சுற்றி நடக்க அரை மணி நேரம் போதும். பகலில் எப்போதும் 30 டிகிரியை ஒட்டித்தான். ஸ்வெட்டர், ஜெர்கின் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பருத்திச் சுடிதார், முழுக்கை, அதுதான் வசதி. ஊர்க்காரர்கள் முன்னால் மரியாதையும் அதுதான்.

வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழனில் முடியும். வெள்ளி, சனி விடுமுறை. தொழுகை நேரத்தில் கடையெல்லாம் கொஞ்ச நேரம் மூடிவிடுவார்கள். நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். அம்மாவுக்குப் போன் செய்ய இது வசதி.

பிற மத வழிபாட்டை வெளியில் செய்ய அங்கே அனுமதி கிடையாது. கோயிலோ சர்ச்சோ இல்லை. சாமி சிலைகளைக் கொண்டுபோனால் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். மதுவும் பன்றி இறைச்சியும் கூடாது. மாத்திரை எடுத்துப்போனால் டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும். கும்பிடுவதை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். இது முடியாது என்று நினைப்பவர்கள் போகாமல் இருப்பது நல்லது. போய்விட்டு அங்கே சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை.

சாப்பாடு: மீன், மீன், மீன். காலையில் சூரையும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்த மாஸ் ஹுனி, கூடவே ரோஷி. ரோஷி என்பது நம் சப்பாத்திதான். மத்தியானம் கருதியா என்கிற மீன் சாறு. நம்ம ஊர்க் கடையில் மாசிக் கருவாடு என்று வாங்குகிறோமே, அது அந்தத் தீவுகளின் பெயர்போன சரக்குதான். நீ சைவம் என்றால் சிரமம். காய்கறி கப்பலிலோ படகிலோ வர வேண்டும். கடல் மோசமாக இருந்தால் அந்த வாரம் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மட்டும். கேரட் விளைகிற ஊரில் பிறந்துவிட்டு வதங்கிய கேரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது சிரிப்பாகத்தான் வரும்.

இனி பாதுகாப்பு. லோகல் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். சின்னத் தீவில் நீ யார், எந்த வீட்டில் இருக்கிறாய், எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தாய் என்பது எல்லோருக்கும் தெரியும். இரவு பத்து மணிக்குக் கடற்கரையில் நடந்து வந்திருக்கிறேன், ஒரு பயமும் இருந்ததில்லை. அதே சமயம் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதே ஒரு பாரம். தலைநகர் மாலே வேறு. நெருக்கடியான ஊர், மோட்டார் பைக் கூட்டம், வாடகை அநியாயம்.

பெண்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது அறை விஷயத்தில்தான். "தங்க இடம் உண்டு" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். போய்ப் பார்த்தால் மூன்று பேருக்கு ஒரு அறை, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, அல்லது வீட்டுக்காரர் குடும்பத்தின் கூடம் வழியாகத்தான் குளியலறைக்குப் போக வேண்டும். என் முதல் தீவில் அப்படித்தான். அதனால் தனி அறையா, பூட்டு உண்டா, தண்ணீர், மின்சாரம் யார் கணக்கு, எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் கேள். அறையை வீடியோவில் காட்டச் சொல். இதைக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று தயங்காதே. காட்ட மறுக்கிற பள்ளிக்குப் போகவே வேண்டாம்.

பாடம் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். கண் சொக்குகிறது.


லவ்டேல் லோகல் – திங்கள், இரவு 11.20

மஞ்சூர் தங்கச்சி எழுதியதைப் படித்தேன். பூட்டு வரைக்கும் யோசித்துச் சொல்கிறீர்கள். ஆனாலும் ஏதாவது ஒன்று என்றால் அவசரத்துக்குப் போய்ச் சேர முடியுமா? அதைச் சொல்லுங்கள்.


கொடை ஏரிக்கரை – செவ்வாய், காலை 8.30

நான் ஆசிரியர் இல்லை. கொடைக்கானலில் வீடுகளை வாடகைக்கு விடுகிறோம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்லலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊருக்கு வெளிநாட்டு ஆசிரியர்கள் வருவது நூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம். அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளிதான் இப்போதைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. எங்கேயோ பிறந்து வளர்ந்த பெண்கள் ஒற்றைப் பெட்டியோடு வத்தலக்குண்டு ரோட்டில் ஏறி வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவர்களை யாரும் "கல்யாண வயது" என்று கேட்பதில்லை, நம்ம பெண்களைத்தான் கேட்கிறோம்.

நான் கவனித்தது: வந்த ஜோரில் ஏப்ரல், மே எல்லாம் உற்சாகமாக இருப்பார்கள். மழை பிடித்துக்கொண்ட பிறகு ஜூலை, ஆகஸ்டில் முகம் வாடிவிடும். துணி காயாது, கரண்ட் போகும், பேச ஆள் இருக்காது. அந்த நேரத்தைத் தாண்டுகிறவர்கள் பள்ளிக்கு வெளியே யாரோ ஒருவரோடு பழகியவர்கள். சந்தையில் பூண்டு விற்கிற அம்மாவோடு, ஏரியைச் சுற்றி நடக்கிற கூட்டத்தோடு, எங்கள் வீட்டுக் குழந்தைகளோடு. பள்ளி ஆட்களோடு மட்டுமே இருந்தவர்கள் பாதியில் கிளம்பிவிட்டார்கள்.

இன்னொன்று. நீண்ட கால விசாவில் வருகிற வெளிநாட்டவர் இங்கே 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் என்ற முறையில் நாங்களும் தாள் கொடுக்கிறோம். அங்கேயும் அப்படி ஏதாவது இருக்கும். போய் இறங்கியதும் எந்த அலுவலகத்தில் எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.


ஓய்வு வாத்தியார் (கோத்தகிரி) – செவ்வாய், காலை 11.00

பேரன் இந்த இழையைக் காட்டினான். எனக்கும் சொல்ல ஒன்றிரண்டு உண்டு, அவன்தான் தட்டித் தருகிறான்.

எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தேன், 1980-களில். பேரரசர் ஹைலே செலாசி காலத்திலிருந்தே அங்கே இந்திய வாத்தியார்கள் ஏராளம். நான் போனபோது ராஜா இல்லை, ராணுவ ஆட்சி. அடிஸ் அபாபா ஊட்டியைவிட உயரத்தில் இருக்கிறது, அதனால் இறங்கியதும் ஊர்க் குளிர் முகத்தில் அடித்தது. தெஃப் என்கிற தானியத்தைப் புளிக்க வைத்துச் சுடும் இஞ்சரா பெரிய தோசை போல இருக்கும். அந்தப் புளிப்புக்கு நாக்கு பழகச் சில மாதம் ஆகும்.

அங்கே நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. நமக்குக் காலை எட்டு மணி, அவர்களுக்கு இரண்டு மணி. ஆண்டுக்கு 13 மாதம். வருஷக் கணக்கு நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற தேதி எந்தக் காலண்டர்படி என்று கேட்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு சக வாத்தியாருக்கு லீவு எப்போது என்று கடைசி வரை குழப்பம்.

வீட்டுக் கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கிற நாளில் நான் அங்கே தனியாக உட்கார்ந்திருப்பேன். இப்போது வீடியோவில் பண்டிகையையே பார்த்துவிடலாம். தனிமை இப்போது குறைந்துவிட்டது என்று பேரன் சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் வீட்டு முகத்தைப் பார்த்தால் மனசு அங்கே ஊன்றாது. வாரத்துக்கு இரண்டு முறை பேசு அம்மா, அது போதும். இது கிழவன் சொல், தள்ளுவதானாலும் தள்ளு.

ஒப்பந்தத்தில் நீ பார்க்க வேண்டிய முதல் வரி சம்பளம் இல்லை. திரும்பி வரும் டிக்கெட் யார் செலவு என்பதுதான். உடம்பு சரியில்லாமல் நடுவில் வந்தால்? அவர்களே வேலையை விட்டு எடுத்தால்? இரண்டுக்கும் பதில் இருக்க வேண்டும். கையில் எப்போதும் ஒரு டிக்கெட்டுக்கான பணம் தனியாக இருக்கட்டும், அதை வேறு எதற்கும் தொடாதே. அது இருந்தால் எந்தத் தலைமையாசிரியரிடமும் நேராக நின்று பேசலாம்.


கூடலூர் காப்பி – செவ்வாய், பகல் 12.10

ஐயா, கடைசிப் பத்திக்கு ஒரு கும்பிடு.


மஞ்சூர் மூடுபனி – செவ்வாய், இரவு 9.30

லோகல் அண்ணனுக்கு முதலில். எல்லா ஊர்த்தீவிலும் சுகாதார நிலையம் உண்டு. பெரிய வைத்தியத்துக்கு அட்டோல் (தீவுக்கூட்டம்) ஆஸ்பத்திரி அல்லது மாலே. ஸ்பீட் போட்டில் போகலாம், தூரத் தீவு என்றால் உள்நாட்டு விமானம். தென்மேற்குப் பருவமழை நேரத்தில், நமக்கு மழை கொட்டுகிற அதே மாதங்களில், கடல் கொந்தளிக்கும், படகு நிற்கும். அதனால் மாலேயிலிருந்து எவ்வளவு தூரத்தில் தீவு என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்ல வேண்டும். மாலேயில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. போனதும் அங்கே பெயர் பதிந்துவிடலாம்.

இப்போது பாடம். தங்கச்சி, நீ வேதியியல் என்பதால் இதைக் கவனமாகப் படி. இஸ்லாம், அவர்கள் தாய்மொழியான திவேஹி தவிர மற்றதெல்லாம் இங்கிலீஷ் மீடியம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் தேர்வு. நம் சமச்சீர்ப் புத்தகத்தில் பாடத்தின் பின்னால் இருக்கிற கேள்வியை அப்படியே மனப்பாடம் செய்ய வைத்தால் நூற்றுக்கு நூறு வரும். அங்கே அது நடக்காது. ஒரு உப்பின் பெயரைச் சொல்லாமல் அதன் சோதனை முடிவுகளை மட்டும் கொடுத்து, என்ன உப்பு, எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பிள்ளை யோசித்தால்தான் எழுத முடியும்.

ஆய்வகம் சரியாக இல்லாத பள்ளிகள் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக ஆறாம் தாள் என்கிற எழுத்துத் தாளை எடுக்கும். பியூரெட்டின் (திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாய்) படத்தைப் பார்த்து அளவு படிக்க வேண்டும், சோதனையில் என்ன பிசகு என்று சொல்ல வேண்டும். பியூரெட்டைக் கையில் தொடாத பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில்தான் டீச்சரின் கெட்டிக்காரத்தனம். நேர்காணலில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். பழைய கேள்வித்தாள்களையும், மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்கிற குறிப்பையும் இணையத்தில் எடுத்து, ஐந்து வருஷத் தாளையாவது நீயே நேரம் வைத்து எழுதிப் பார். பத்து ஏஜென்ட்டைவிட இது உனக்கு உதவும்.

வகுப்பில் பிள்ளைகள் குறைவு. கை ஓங்கவே கூடாது, குரலை உயர்த்தினால் கூடப் பெற்றோர் வந்துவிடுவார்கள். பிள்ளைகள் டீச்சரிடம் சகஜமாகப் பேசும். முதலில் அது மரியாதைக்குறைவு மாதிரி தெரியும், அப்படி இல்லை. இந்திப் படம் பார்த்தே வளர்ந்த ஊர், உனக்கு இந்தி தெரியாது என்றால் நம்பவே மாட்டார்கள். "இந்தியா என்கிறீர்கள், இந்தி தெரியாதா மிஸ்" என்று தினம் கேட்பார்கள். நான் பதிலுக்குத் தமிழில் திட்டிச் சிரிப்பேன்.

ஏஜென்ட் இல்லாமலே போகலாம். கல்வி அமைச்சகமும் பள்ளிகளும் ஆள் எடுக்கும் அறிவிப்பை நேரடியாகவே வெளியிடுவார்கள். சான்றிதழ், அனுபவக் கடிதம், பாஸ்போர்ட் நகல், போலீஸ் நன்னடத்தைச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள். நம் டிகிரியை அங்கே தகுதி ஆணையம் சரிபார்க்கும்.


குன்னூர் கணக்கர் – செவ்வாய், இரவு 10.15

சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காலம் பிடிக்கும், இப்போதே தொடங்குங்கள். முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, அது சென்னைத் தலைமைச் செயலகத்தில். அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. போலீஸ் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், நீலகிரிக்குக் கோவை மண்டல அலுவலகம்தான்.

இப்போது பணம். மாலத்தீவு ருஃபியாவின் அதிகாரபூர்வ விலை டாலருக்கு 15.42. பிரச்சினை விலை இல்லை, டாலர் தட்டுப்பாடு. ருஃபியாவில் சம்பளம் போட்டால் அதை டாலராக்கி ஊருக்கு அனுப்புவதில் வங்கிகள் மாத உச்சவரம்பு வைத்திருக்கின்றன, அது அவ்வப்போது மாறும். ஸ்டேட் வங்கி 1974-லிருந்து மாலேயில் இருக்கிறது, அதற்கும் இதே நிலைதான். ஆகவே "1,000 டாலர்" என்று பேச்சில் சொல்கிறார்களா, டாலராகவே கணக்கில் போடுகிறார்களா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். வீட்டுக்கடனைக் கட்டிவிடலாம் என்று நம்பிப் போகிறவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள்.

வரி: அங்கே சம்பளத்துக்கு மாதம் 60,000 ருஃபியா வரை வரி இல்லை, உங்கள் சம்பளம் அதில் கால் பங்குதான். இங்கே, வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வெளிநாடுவாழ் இந்தியர். போனதும் உங்கள் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வரவுக்கான கணக்கு) மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தொடங்குங்கள், அதன் வட்டிக்கு இங்கே வரி கிடையாது.


தேயிலை டீச்சர் (குன்னூர்) – மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 4.20

மன்னிக்கவும், காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்துவதில் இந்தப் பக்கம் வரவே முடியவில்லை.

ஏஜென்ட்டை விட்டுவிட்டேன். ஐந்து பள்ளிகளுக்கு நேரடியாக விண்ணப்பித்தேன். ஒன்றிலிருந்து கூப்பிட்டு வீடியோவில் பாடம் எடுக்கச் சொன்னார்கள். மூடுபனி அக்கா, நீங்கள் சொன்ன உப்புச் சோதனைதான் தலைப்பாக வந்தது! தலைமையாசிரியை குறுக்கே நிறுத்தி, "ஆய்வகம் இல்லை என்றால் இதை எப்படிக் காட்டுவீர்கள்" என்று கேட்டார். எங்கள் பள்ளியிலும் ஆய்வகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கடையில் வாங்கிய சுண்ணாம்பையும் வினிகரையும் வைத்துத்தான் செய்து காட்டுகிறேன். அதையே சொன்னேன்.

ஒப்பந்தத்தின் வரைவு வந்திருக்கிறது. திரும்பும் டிக்கெட் அவர்கள் செலவு, ஒப்பந்தம் முழுவதும் முடித்தால் மட்டும். நடுவில் வந்தால் என் செலவு. தகுதிகாண் காலம் மூன்று மாதம். சம்பளம் ருஃபியாவில். அறையைக் காட்டினார்கள்: இன்னொரு இந்திய டீச்சரோடு பகிர்ந்த வீடு, தனித்தனி அறை, பூட்டு இருக்கிறது (அவர் சாவியைப் போட்டுத் திறந்தே காட்டினார்). மாலேயிலிருந்து தீவுக்குப் படகுச் செலவு யாருடையது என்று ஒரு வார்த்தையும் இல்லை. "பாஸ்போர்ட்டைப் பள்ளி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரியும் இருக்கிறது. இது வழக்கம்தானா?

அம்மா இந்த இழையை முழுக்கப் படித்தார். கோத்தகிரி ஐயா சொன்ன டிக்கெட் பணத்தைத் தானே தருவதாகச் சொல்கிறார். சம்மதம் என்று வாயால் இன்னும் சொல்லவில்லை.


மஞ்சூர் மூடுபனி – சனி, மாலை 6.05

பாஸ்போர்ட் வரியை எடுக்கச் சொல். அந்தப் புத்தகம் இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. விசா முத்திரைக்காகச் சில நாள் கொடுத்து வாங்குவது வேறு, ஒப்படைத்து வைப்பது வேறு. "முத்திரைப் பணிக்கு மட்டும், முடிந்ததும் திருப்பித் தரப்படும்" என்று மாற்றி எழுதித் தரச் சொல். பெரும்பாலும் பழைய படிவத்தை அப்படியே அனுப்பியிருப்பார்கள், கேட்டால் மாற்றுவார்கள்.

படகுச் செலவை எழுத்தில் வாங்கு. மூன்று மாதத்தைத் தாண்டித் தகுதிகாண் காலம் வைக்க அங்கே சட்டத்தில் இடம் இல்லை, அதனால் அந்த வரி சரி. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்கிற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம், அதற்கும் காசு கேட்கிற போலித் தளங்கள் உண்டு.


குன்னூர் கணக்கர் – சனி, இரவு 7.40

ருஃபியா என்றால் வீட்டுக்கு மாதம் எவ்வளவு கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். வங்கி அனுமதிக்கிற தொகை அதற்குக் குறைவாக இருந்தால் இந்த வேலை உங்களுக்குச் சரிவராது. அதைப் பள்ளியில் இப்போது இருக்கிற இந்திய டீச்சரிடமே கேட்டுவிடலாமே? சாவி போட்டுத் திறந்து காட்டினாரே, அவரிடம்.


தேயிலை டீச்சர் (குன்னூர்) – ஞாயிறு, இரவு 8.30

கேட்டேன். நாகர்கோவில் பக்கத்து அக்கா. தன்னால் மாதாமாதம் எவ்வளவு அனுப்ப முடிகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். மீதியை லீவுக்கு வரும்போது டாலராகக் கொண்டு வருகிறாராம். அம்மாவின் மருந்துக்கும் வாடகைக்கும் அந்தத் தொகை போதும். சேமிப்பு அங்கேயே நிற்கும், அவ்வளவுதான். பாஸ்போர்ட் வரியை மாற்றிவிட்டார்கள். படகுச் செலவு பள்ளியுடையது என்று மின்னஞ்சல் வந்தது, அதை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வேலை அனுமதி வந்ததும்தான் இங்கே ராஜினாமா.


லவ்டேல் லோகல் – ஞாயிறு, இரவு 9.05

கொச்சியிலிருந்து விமானமா, திருவனந்தபுரமா? கொச்சி என்றால் கூடலூர் வழியாக என் தம்பி வண்டி ஓட்டுகிறான், அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டு வரச் சொல்கிறேன். டீசல் காசு மட்டும் கொடுத்தால் போதும்.


ஊட்டி வேதா – திங்கள், காலை 6.50

நான் அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியை. சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு இரண்டு வருஷம் இப்படிப் போய் வர முடியுமா? துறை அனுமதி எப்படி வாங்குவது?


நெறியாளர் – திங்கள், காலை 9.00

வேதா அவர்களே, அது தனி விஷயம், புதிய இழையாகத் தொடங்குங்கள். பணிவிதி தெரிந்தவர்கள் அங்கே வந்து சொல்வார்கள்.